ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பர்ப்பிள் ஹார்ட் கேட்கலாமா?

கேள்வி: என் மாமனார் அமெரிக்கர். 1968-ல் வியட்நாமில் தரைப்படையின் காலாட்படையில் இருந்தபோது, எதிரியின் மார்ட்டர் குண்டுச் சில்லு தோளில் பாய்ந்து காயம்பட்டார். முகாமிலேயே கட்டுப்போட்டு, இரண்டொரு நாளில் பணிக்கு அனுப்பிவிட்டார்கள். பதக்கம் எதுவும் கொடுக்கப்படவில்லை, அவரும் கேட்கவில்லை. எண்பதை நெருங்கும் இந்த வயதில், போரில் காயம்பட்டவர்களுக்குரிய பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தைக் கேட்டுப் பார்க்கலாமா என்கிறார். காலம் கடந்துவிட்டதா? இத்தனை ஆண்டுகள் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று சந்தேகப்பட மாட்டார்களா?

பதில்:

காலம் கடந்துவிடவில்லை. அமெரிக்கப் படைத்துறையின் மற்ற விருதுகளுக்கும் பர்ப்பிள் ஹார்ட்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடே இதில்தான் இருக்கிறது. வீரச் செயலுக்கான விருது என்றால், நேரில் கண்ட ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். மேலதிகாரிகள் அதை ஏற்க வேண்டும். அது குறிப்பிட்ட காலத்துக்குள் நடந்தாக வேண்டும். அந்தக் காலம் தவறினால், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வழியாகத் தனியே மறுபரிசீலனை கோர வேண்டும். பர்ப்பிள் ஹார்ட்டுக்குப் பரிந்துரை என்பதே கிடையாது. விதியில் சொல்லப்பட்ட நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால் அது அந்த வீரரின் உரிமை. அவர் அன்று துணிச்சலாக நடந்துகொண்டாரா, பதுங்கு குழியில் உறங்கிக்கொண்டிருந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. உரிமை என்பதால் அதற்குக் காலக்கெடுவும் வைக்கப்படவில்லை. இரண்டாம் உலகப்போரிலும் கொரியப் போரிலும் காயம்பட்டவர்கள் தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகும் இதைப் பெற்றிருக்கிறார்கள்.

ஆனால் இதைக் கேட்டதும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். கெடு இல்லையே தவிர, காலம் ஆக ஆக ஆதாரம் அழிந்துகொண்டே போகிறது. படைவீரர்களின் பதிவுகளில் உள்ள பிழைகளைத் திருத்தும் தரைப்படை ஆவணத் திருத்த வாரியம் இத்தகைய மனுக்கள் மீது வழங்கும் முடிவுகளைப் பெயர்களை மறைத்து வெளியிடுகிறது. அவற்றைத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாமதமாகக் கேட்டதற்காக மனு தோற்பது அரிது, ஒரே ஒரு காகிதம் இல்லாததால் தோற்பதுதான் வழக்கம். ஆகவே என் பதிலின் பெரும்பகுதி அந்தக் காகிதத்தைத் தேடுவது பற்றியதாகவே இருக்கும்.

முதலில், விதி என்ன கேட்கிறது என்று பார்ப்போம். காயம் எதிரியின் செயலால் ஏற்பட்டிருக்க வேண்டும். அது மருத்துவ அதிகாரியின் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு இருந்திருக்க வேண்டும். வெறும் பரிசோதனை போதாது. அந்தச் சிகிச்சை அதிகாரபூர்வ ஆவணத்தில் பதிவாகியிருக்க வேண்டும். முதல் இரண்டும் உங்கள் மாமனாருக்குப் பொருந்தும் என்றே நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து தெரிகிறது. மார்ட்டர் சில்லு என்பது விதிநூல் நேரடியாகவே ஏற்கும் காயம். எதிரி வைத்த கண்ணிவெடியும், தரையில் நட்டு வைத்த கூர்மூங்கில் பொறியும் அதில் அடங்கும். ஆனால் அதே மார்ட்டர் தாக்குதலின்போது பதுங்கு குழியை நோக்கி ஓடிய ஒருவர் இருட்டில் தடுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டால் அது பொதுவாக ஏற்கப்படுவதில்லை. எதிரியின் ஆயுதம் நேரடியாக ஏற்படுத்திய காயமாக அது கருதப்படாமல் விபத்தாகவே கருதப்படுகிறது. பனிக்கடி, வெப்பத்தாக்கு, நோய், போர் தந்த மனப்பாதிப்பு ஆகியவையும் இன்றைய விதிப்படி சேரா. வியட்நாமில் தெளிக்கப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்ச் ரசாயனத்தால் வந்த நோய்களும் சேரா, ஏனென்றால் அதைத் தெளித்தது எதிரி அல்ல. இந்தக் கோடுகள் சில இடங்களில் கொடுமையாக விழுகின்றன என்பது என் கருத்து. ஆனாலும் மனு எழுதுபவர் அவற்றோடு வாதாடுவதில் பயனில்லை.

காயம் சிறியதாயிற்றே என்று உங்கள் மாமனார் கூச்சப்பட்டால், அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை என்று சொல்லுங்கள். காயத்தின் பருமனுக்கு விதியில் அளவுகோல் இல்லை. சிகிச்சை தேவைப்பட்டதா என்பதே கேள்வி. இந்தக் கூச்சத்துக்கு ஓரளவு அரசியல் காரணமும் உண்டு. 2004-ல் ஜான் கெர்ரி அதிபர் பதவிக்குப் போட்டியிட்டபோது, வியட்நாமில் அவர் பெற்ற பர்ப்பிள் ஹார்ட் பதக்கங்கள் அற்பக் காயங்களுக்கானவை என்று எதிர்த்தரப்பினர் ஏளனம் செய்தார்கள். குடியரசுக் கட்சி மாநாட்டில் ஊதா இதயம் வரைந்த சிறு பிளாஸ்திரிகளைச் சிலர் முகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். காயம்பட்ட எத்தனையோ பழைய வீரர்களை அந்தக் கேலி வாயடைக்கச் செய்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இப்போது மூன்றாவது நிபந்தனைக்கு வருகிறேன். வியட்நாம் போரில் காயமடைந்த அமெரிக்கர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர். அவர்களில் சுமார் பாதிப் பேர் மருத்துவமனையில் சேர்க்கப்படாதவர்கள், அதாவது உங்கள் மாமனாரைப் போலக் களத்திலோ முகாமிலோ கட்டுப்போட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். மருத்துவமனைக்குப் போனவர் விட்டுச் செல்லும் தடயம் பெரியது: ஹெலிகாப்டரில் ஏற்றிய பதிவு, அனுமதிச் சீட்டு, குடும்பத்துக்குத் தந்தி, பணிநிலை மாறியதைக் காட்டும் அன்றாட அறிக்கை என்று நான்கைந்து இடங்களில் அவர் பெயர் விழும். முகாமில் சிகிச்சை பெற்றவரின் பெயர் ஒரு மருத்துவ அட்டையிலும், பட்டாலியன் மருத்துவ நிலையத்தின் ஏட்டிலும் விழுந்தால் உண்டு. மெடிக் என்று வீரர்கள் அழைக்கும் களமருத்துவ உதவியாளர், ஒரே நேரத்தில் ஆறேழு பேருக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருக்கும்போது அட்டையை நிரப்பவில்லை என்றால் அவரைக் குறை சொல்ல முடியாது. அட்டை நிரப்பப்பட்டாலும் அது மேலே போய்ச் சேர வேண்டும்; அங்கிருக்கும் எழுத்தர் அதைப் பார்த்து விருது ஆணைக்கு எழுத வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பதக்கம் வராது. ஓராண்டுப் பணிக்காலம் முடிந்து ஊர் திரும்பும் இருபது வயதுப் பையன், வராத பதக்கத்தைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலைய மாட்டான். ஏன் அன்றே கேட்கவில்லை என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான பதில் இல்லை. மனுவிலும் இதையே ஓரிரு வாக்கியத்தில் எழுதலாம்.

சந்தேகப்பட மாட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். பதக்கத்துக்குக் கெடு இல்லை என்றாலும், பதிவைத் திருத்தக் கோரும் மனுவுக்கு உண்டு: சட்டப்படி, பிழை தெரியவந்த மூன்று ஆண்டுகளுக்குள் திருத்த வாரியத்துக்கு மனுச் செய்ய வேண்டும். ஆனால் நீதியின் பொருட்டு அந்தக் காலவரம்பைத் தளர்த்த வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. பர்ப்பிள் ஹார்ட் மனுக்களில் தாமதத்தை மட்டும் காரணமாகக் காட்டி வாசலிலேயே திருப்பி அனுப்புவது வழக்கமில்லை. தகுதியைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். இருந்தாலும் தாமதம் வேறொரு வகையில் பாதிக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் எழுதப்படும் எந்த வாக்குமூலத்துக்கும், அன்று எழுதப்பட்ட ஒரு வரிக்கு இருக்கும் எடை கிடைப்பதில்லை. நினைவு மங்கும், கதைகள் ஒன்றோடொன்று கலக்கும் என்பதை வாரியம் அறியும். மனுதாரர் பொய் சொல்கிறார் என்று அவர்கள் எழுதுவதில்லை. பதிவு இல்லை என்று மட்டும் எழுதுகிறார்கள். படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றி மனம் புண்படுகிறது; அதற்கு உங்கள் மாமனாரை முன்கூட்டியே தயார்செய்து வைப்பது நல்லது.

தேடலை அவர் வீட்டு அலமாரியிலிருந்து தொடங்குங்கள். படையிலிருந்து விடுபட்டபோது கொடுத்த டிடி 214 என்ற ஒற்றைத்தாள் ஆவணம் அவரிடம் இருக்கும். அதில் பதக்கங்கள் என்ற கட்டத்தில் பர்ப்பிள் ஹார்ட் இல்லை என்பதால்தான் கேட்கிறீர்கள். ஆனால் முகாமிலோ மருத்துவமனையிலோ யாராவது உயர் அதிகாரி வந்து அவர் கையில் ஒரு பதக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போனாரா என்று ஒரு முறை கேளுங்கள். கட்டிலருகே வந்து பதக்கத்தைக் குத்திவிட்டுப் போய், ஆணை தாளில் ஏறாமலே போன நிகழ்வுகள் உண்டு. ஆணை எங்கோ பிறந்து, டிடி 214-ல் மட்டும் ஏறாமல் போனவையும் உண்டு. ஆணை பிறந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. வியட்நாம் காலத்து விருது ஆணைகளுக்குத் தரைப்படையிடம் கணினித் தேடுபட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் அவர் பெயர் அகப்பட்டால், டிடி 215 என்ற திருத்தத்தாளை வெளியிடுவதோடு காரியம் முடிந்துவிடும். அன்று வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ‘தோளில் சின்னக் கீறல்தான், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்’ என்று அண்ணனுக்கு எழுதிய ஒரு கடிதம், அஞ்சல் முத்திரைத் தேதியோடு இருந்தால், இன்று எழுதும் பத்துப் பக்க வாக்குமூலத்தைவிட அது மேல்.

அடுத்தது மிசூரி மாநிலம் செயிண்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையம். எஸ்எஃப் 180 என்ற படிவத்தில் உங்கள் மாமனார் கையெழுத்திட்டு அனுப்பினால், அவருடைய பணிக்கோப்பு நகல் கிடைக்கும். இங்கே ஒரு தவறான செய்தியைத் திருத்த வேண்டியிருக்கிறது. ‘எல்லாம் 1973 தீயில் எரிந்துபோய்விட்டது, கேட்டுப் பயனில்லை’ என்று பழைய வீரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். 1973 ஜூலை 12 அன்று அந்த மையத்தில் பெருந்தீ பிடித்து 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தது உண்மை. ஆனால் அதில் போனவை பெரும்பாலும் 1912 நவம்பர் தொடங்கி 1960 ஜனவரி வரை விடுபட்ட தரைப்படையினரின் கோப்புகளும், 1947 முதல் 1964 தொடக்கம் வரை விடுபட்ட விமானப்படையினரில் ஒரு பகுதியினரின் கோப்புகளும்தான். 1968-ல் பணியில் இருந்த தரைப்படை வீரரின் கோப்பு அந்த வரம்புக்குள் வராது. ஆகவே தீயைக் காரணம் காட்டி அவர் தேடலைக் கைவிட வேண்டாம்.

கோப்பு வந்ததும் முதலில் டிஏ 20 என்ற தகுதிப் பதிவேட்டைப் பிரித்துப் பாருங்கள். தடித்த தாளில் மடித்து, தட்டச்சிலும் கையெழுத்திலும் பல எழுத்தர்கள் நிரப்பிய நீண்ட படிவம் அது. எந்தெந்தத் தேதியில் எந்தப் பிரிவில் இருந்தார், எந்தப் போர்நடவடிக்கைகளில் பங்கேற்றார் என்ற விவரங்களுக்கு நடுவே 40 என்ற எண்ணிட்ட ஒரு சிறு கட்டம் இருக்கும். காயங்களுக்கான கட்டம் அதுதான். வாரியத்தின் முடிவுகளில் மறுபடி மறுபடி வரும் வாக்கியங்களுள் ஒன்று, மனுதாரரின் டிஏ 20-ல் 40-ஆம் கட்டம் வெறுமையாக இருக்கிறது என்பது. மற்றொன்று, வியட்நாம் காயமடைந்தோர் பட்டியலில் அவர் பெயர் இல்லை என்பது. இவ்விரண்டில் ஏதேனும் ஒன்றில் பெயர் இருந்தால் மனு ஏறக்குறைய வென்றுவிட்டது போலத்தான். இரண்டும் வெறுமையாக இருந்தால் மற்ற ஆதாரங்கள் அந்த வெறுமையை நிரப்பும் அளவுக்கு வலுவாக இருக்க வேண்டும்.

மருத்துவப் பதிவுகள் வேறு வழியில் போகும். சாதாரணச் சிகிச்சைக் குறிப்புகள் அந்தக் காலத்தில் பணிக்கோப்போடு சேர்ந்தே செயிண்ட் லூயிஸுக்குப் போயின. ஆனால் அவர் எப்போதாவது முன்னாள் படைவீரர் நலத்துறையிடம் ஊனப் படிக்காக விண்ணப்பித்திருந்தால், அந்தக் குறிப்புகளை அத்துறை வாங்கித் தன் கோப்பில் வைத்திருக்கக்கூடும். எனவே நலத்துறைக் கோப்பின் முழு நகலையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மருத்துவமனையில் படுக்கையில் சேர்த்திருந்தால் அந்த உள்நோயாளிப் பதிவு வீரரின் பெயர்க் கோப்பில் இருக்காது. மருத்துவமனையின் பெயரிலும் ஆண்டிலும் தனியே அடுக்கப்பட்டிருக்கும். மருத்துவமனைப் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்டால்தான் அதைத் தேடுவார்கள். பலருக்கு இது தெரியாததால் ‘பதிவு இல்லை’ என்ற பதிலோடு நின்றுவிடுகிறார்கள்.

விடுபடும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையின் தாளையும் கவனமாகப் படியுங்கள். உடலில் உள்ள தழும்புகளைக் குறிக்கும் இடம் அதில் உண்டு. ‘வலது தோளில் தழும்பு’ என்ற குறிப்பு, படையில் சேரும்போது நடந்த பரிசோதனையில் இல்லாமல் விடுபடும்போது மட்டும் இருந்தால், அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் ஏதோ நடந்தது என்பதற்கு அது சான்று. எதிரியால் நடந்தது என்பதற்குச் சான்று ஆகாது. அதை வேறு ஆவணம்தான் நிரூபிக்க வேண்டும். அதே பரிசோதனையில் வீரரே நிரப்பும் நோய் வரலாற்றுத் தாளில், சீக்கிரம் வீடு போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று குறியிட்டவர்கள் ஏராளம். அப்படிக் குறியிட்டிருந்தால் வாரியம் அதைச் சுட்டிக்காட்டும் என்று எதிர்பார்த்து, மனுவிலேயே விளக்கத்தை எழுதிவிடுவது நல்லது.

எதிரியால் நடந்தது என்பதை நிறுவ உதவுவது படைப்பிரிவின் அன்றாடப் பதிவேடு. ஒவ்வொரு பட்டாலியனும் பணிநேர அதிகாரியின் குறிப்பேடு ஒன்றை வைத்திருந்தது: இத்தனை மணிக்கு, வரைபடத்தில் இந்த இடத்தில், இத்தனை மார்ட்டர் குண்டுகள் விழுந்தன, நம் தரப்பில் இத்தனை பேர் காயம் என்ற விதத்தில் மணிவாரியாக எழுதப்பட்டவை அவை. இந்தக் குறிப்பேடுகள் மேரிலாந்து மாநிலம் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டாலும், உங்கள் மாமனார் சொல்லும் நாளில் அவருடைய கம்பெனி (பட்டாலியனின் உட்பிரிவு) மீது மார்ட்டர் விழுந்தது, அன்று மூவர் காயமடைந்தார்கள் என்பது உறுதிப்பட்டாலே அவருடைய கூற்று தரையில் கால் ஊன்றும். இதற்குத் தேதி வேண்டும். ‘1968 கோடைக்காலம்’ என்றால் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் புரட்ட வேண்டியிருக்கும். அன்று இறந்துபோன தோழர் யாராவது இருந்தால் அவர் பெயரைக் கேளுங்கள். வாஷிங்டனில் உள்ள வியட்நாம் நினைவுச் சுவரில் பொறிக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் இறந்த தேதி பொதுப்பதிவில் இருக்கிறது. மறந்துபோன தேதியைத் திரும்பப் பிடிக்க அதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது, அது எவ்வளவு வேதனையான வழியாக இருந்தாலும்.

சாட்சிகளைப் பொறுத்தவரை, அன்று உடனிருந்து கண்ணால் கண்டவர் வேண்டும். பின்னர் கேள்விப்பட்டவர் பயன்பட மாட்டார். இரண்டு பேர் இருந்தால் நல்லது. கட்டுப்போட்ட மெடிக்கோ பட்டாலியன் மருத்துவரோ உயிரோடு இருந்தால் அவர்களைத்தான் முதலில் தேட வேண்டும். மருத்துவ அதிகாரி அல்லாதவர் சிகிச்சை அளித்திருந்தால், மருத்துவ அதிகாரி ஒருவர் இருந்திருந்தால் அவரே சிகிச்சை அளிக்கும் அளவுக்குக் காயம் இருந்தது என்ற மருத்துவ அதிகாரியின் குறிப்பு வேண்டும் என்கிறது இன்றைய விதி. எனவே அன்று தோளுக்குக் கட்டுப்போட்டது மெடிக்கா மருத்துவரா என்பதை மாமனாரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான படைப்பிரிவுகளின் பழைய வீரர்கள் ஆண்டுதோறும் எங்காவது கூடுகிறார்கள். பட்டாலியன் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் ஆட்களைக் கண்டுபிடிக்க முடியும். வாக்குமூலத்தைச் சத்தியப் பிரமாணமாக எழுதி வாங்க வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதியது போல ஒரே சொற்கள் இரண்டிலும் இருந்தால் மதிப்புக் குறையும். நினைவில்லாததை நினைவில்லை என்று எழுதும் சாட்சியைத்தான் படிப்பவர் நம்புவார். இந்தத் தேடலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். காகிதங்கள் இன்னும் இருபது ஆண்டு காத்திருக்கும். எண்பது வயதுச் சாட்சிகள் அப்படியல்ல.

இவ்வளவும் கையில் வந்த பிறகுதான் விண்ணப்பம். தரைப்படையின் விருதுப் பிரிவு கென்டக்கி மாநிலம் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள மனிதவளத் தலைமையகத்தில் இருக்கிறது. முதலில் அங்கேதான் அனுப்ப வேண்டும். சம்பவத்தை ஒரே பக்கத்தில் விவரிக்கும் குறிப்பு, டிடி 214, மருத்துவத் தாள்கள், படைப்பிரிவுப் பதிவேட்டின் நகல், சாட்சி வாக்குமூலங்கள் ஆகியவை இருக்க வேண்டும். அசலை எங்கும் அனுப்பக் கூடாது. அவர்கள் மறுத்தால் அந்த மறுப்புக் கடிதத்தோடு டிடி 149 படிவத்தில் தரைப்படை ஆவணத் திருத்த வாரியத்துக்குப் போகலாம். மற்ற வழிகளை முடித்துவிட்டு வந்தீர்களா என்று வாரியம் பார்க்கும். நேரே வாரியத்துக்குத் தாவினால் திருப்பி அனுப்பப்பட வாய்ப்புண்டு. வாரியத்தில் முடிவெடுப்பவர்கள் குடிமைப் பணியாளர்களான மூவர் கொண்ட குழு. கடற்படைக்கும் விமானப்படைக்கும் தனித்தனி வாரியங்கள் உண்டு. விதியின் உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்.

செனட்டரையோ பிரதிநிதியையோ நாடலாமா என்று பலர் கேட்பார்கள். நாடலாம், அவர்கள் அலுவலகத்தில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், மாமனார் ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டால் போதும். கிடப்பில் போட்ட கோப்பை எடுக்கவைக்கவும், எந்தத் தாள் குறைகிறது என்று தெரிந்துகொள்ளவும் அது உதவும். இல்லாத ஆதாரத்தை உண்டாக்க அவர்களால் முடியாது. ஆனால் எப்போதாவது அந்த அழுத்தமும் பலன் தருகிறது. மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த கொரியப் போர் வீரர் ஒருவருக்கு 1951-ல் தொடையில் மார்ட்டர் சில்லு பாய்ந்தது. ஆவணம் இல்லை என்று தரைப்படை அவர் கோரிக்கையை ஏற்க மறுத்தது. அவர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்; அவர் மாநிலச் செனட்டரும் பேசினார்; 2024-ல், 96 வயதில், காயம்பட்ட 73 ஆண்டுகளுக்குப் பின் பதக்கம் வந்தது. சில்லு அதுவரை அவர் காலுக்குள்ளேயே இருந்தது. இதை முன்மாதிரியாகக் கொண்டு எல்லாருக்கும் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அத்தனை வயதில் வழக்காட வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. உடலில் உலோகச் சில்லு இருக்கிறதா என்று ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது உங்கள் மாமனாருக்கும் பயன்படலாம்.

பதக்கம் கிடைத்தால் பணம் கிடைக்குமா என்றால், பதக்கத்தோடு மாதப்படி எதுவும் வராது. நலத்துறை மருத்துவத்தில் முன்னுரிமைக் குழு உயரும். சில கட்டணங்களிலிருந்து விலக்கு உண்டு. 2020 ஜனவரி முதல் படைத்துறை மளிகை அங்காடியில் வாங்கும் உரிமையும் சேர்ந்திருக்கிறது. இவற்றைவிடப் பெரியது வேறொன்று: நலத்துறையைப் பொறுத்தவரை பர்ப்பிள் ஹார்ட் இருந்தாலே அவர் நேரடிப் போரில் இருந்தார் என்பதற்குச் சான்றாகிவிடும். தோள்வலிக்கோ, காது கேட்காமைக்கோ, போர் தந்த மன உளைச்சலுக்கோ படி கேட்கும்போது, போர்க்களத்தில் இருந்ததை மறுபடி நிரூபிக்கத் தேவையில்லை. மறுபுறம், பதக்கம் இல்லாமலேயே அந்தப் படிக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கான ஆதார அளவுகோலும் இதைவிடத் தளர்வானது. மருத்துவத் தேவைதான் உள்ளூரக் காரணம் என்றால் பதக்கத்துக்காகக் காத்திராமல் அதை முதலில் செய்யுங்கள்.

பதக்கத்தின் வரலாறு உங்கள் மாமனாருக்குத் தெரிந்திருக்கும். ஜார்ஜ் வாஷிங்டன் 1782-ல் சாதாரணச் சிப்பாய்களுக்கென்று ஏற்படுத்திய ஊதாத் துணி இதயம்தான் மூலம். ஒன்றரை நூற்றாண்டு மறந்துகிடந்ததை, வாஷிங்டனின் இருநூறாவது பிறந்தநாளான 1932 பிப்ரவரி 22 அன்று, அப்போதைய தரைப்படைத் தலைமைத் தளபதி டக்ளஸ் மெக்கார்தர் உயிர்ப்பித்தார். அவருக்குத் தெரியாதிருக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன்: 1945-ல் ஜப்பான் மீது படையெடுக்க வேண்டிவரும் என்று எதிர்பார்த்து ஏறத்தாழ 5 லட்சம் பர்ப்பிள் ஹார்ட்கள் வார்க்கப்பட்டன. ஜப்பான் சரணடைந்ததால் அவை மிஞ்சின. கொரியாவிலும் வியட்நாமிலும் காயம்பட்டவர்களின் மார்பில் குத்தப்பட்டவற்றில் அவையும் கலந்தே இருந்தன. 1968-ல் அவருக்கு வராமல் போனது அவர் பிறப்பதற்கு முன்பே செய்துவைக்கப்பட்ட ஒன்றாகவும் இருந்திருக்கலாம்.

கடைசியாக, மறுப்புக் கடிதம் வந்தால் என்ன செய்வது என்பது. முதல் முறை மறுக்கப்படும் மனுக்கள் பல. அதில் தளர வேண்டியதில்லை, ஆனால் அதே தாள்களைக் கூடுதல் கோபத்தோடு திருப்பி அனுப்புவதாலும் பயனில்லை. கடிதத்தில் காரணம் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். எதிரியின் செயல் நிறுவப்படவில்லை என்றால் காலேஜ் பார்க் குறிப்பேட்டைத் தேட வேண்டும். சிகிச்சை நிறுவப்படவில்லை என்றால் மெடிக்கையோ மருத்துவரையோ தேட வேண்டும். புதிய ஆதாரம் ஒன்று கிடைத்தால் மறுபரிசீலனை கேட்கும் உரிமை அவருக்கு உண்டு, அதன் பிறகு கூட்டாட்சி நீதிமன்றமும் இருக்கிறது. அதற்கு முன், எஸ்எஃப் 180-ல் அவர் கையெழுத்தை இந்த வாரமே வாங்கி அனுப்பிவிடுங்கள். செயிண்ட் லூயிஸிலிருந்து கோப்பு வரச் சில மாதங்கள்கூட ஆகலாம், அந்த இடைவெளியில் பட்டாலியன் சங்கத்துக்கு எழுதி அன்றைய மெடிக்கின் பெயரை விசாரிக்கத் தொடங்கலாம்.